வேலையில் தகராறு வந்தால்: முதல் கடிதத்திலிருந்து தீர்ப்பாயம் வரை

வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள், சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், மேலாளர் தொல்லை தாங்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். எந்தத் தேதியில் நடந்தது? அதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது? நியாயம் முழுக்கத் தங்கள் பக்கம் இருந்தும், கெடு முடிந்து வந்ததாலோ கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாததாலோ வெறுங்கையோடு திரும்பியவர்கள் ஏராளம். அதனால் இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் சுற்றியே போகும். எந்த நாட்டில் வேலை பார்த்தாலும் வரிசை ஏறக்குறைய இதுதான். அலுவலகங்களின் பெயரும் நாள் கணக்கும்தான் மாறும்.

அந்த அறையில் கையெழுத்துப் போடாதீர்கள்

திடீரென்று ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிடுவார்கள். மேலாளரும் எச்ஆரில் இருந்து ஒருவரும் உட்கார்ந்திருப்பார்கள். மேஜைமேல் டைப் செய்த ராஜினாமாக் கடிதம் தயாராக இருக்கும். “நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் ரிலீவிங் லெட்டர் நல்லபடியாகத் தருகிறோம். இல்லையென்றால் டெர்மினேஷன்தான், வேறெங்கும் வேலை கிடைக்காது” என்பார்கள். பத்து நிமிடத்தில் முடிவு சொல்லச் சொல்வார்கள்.

அவசரம் அவர்களுடையது, உங்களுடையது கிடையாது. ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து விழுந்துவிட்டால், ‘வேலைநீக்கம்’ என்று சொல்லிக் கேட்கக்கூடிய உரிமைகளில் பெரும்பகுதி அங்கேயே கைநழுவிப் போகிறது. மிரட்டித்தான் வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிக்க முடியும். ஆனால் அந்தச் சுமை முழுக்க உங்கள் தலையில் விழும். அந்த அறையில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “எனக்கு ஒரு பிரதி கொடுங்கள், படித்துவிட்டு எழுத்தில் பதில் தருகிறேன்.” இதைப் பணிவாகத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும். வாதாட வேண்டாம், அழுதாலும் பரவாயில்லை, கையெழுத்து மட்டும் வேண்டாம்.

நோட்டீஸ் வாங்கியதற்குக் கையெழுத்துக் கேட்டால் போடலாம். ஆனால் கையெழுத்துக்கு மேலே “பிரதி பெற்றுக்கொண்டேன், இதில் உள்ளதை ஏற்கவில்லை” என்று எழுதி, தேதியும் நேரமும் போடுங்கள். காசோலையோ பணமோ கொடுத்தால் “எதிர்ப்புடன் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதுங்கள். “இனி எந்தப் பாக்கியும் இல்லை” என்று அச்சடித்த தாளாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், வெளியே ஒருவரிடம் காட்டிக் கேட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? சரி, இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இன்ன நேரத்தில், இன்னார் முன்னிலையில், இப்படிச் சொல்லி வாங்கினார்கள், அது என் விருப்பப்படி கொடுத்தது இல்லை, திரும்பப் பெறுகிறேன் என்று எழுதுங்கள். இந்தியாவில் பொதுவாக நிர்வாகம் ஏற்கும் முன் ராஜினாமாவைத் திரும்பப் பெறலாம். மற்ற இடங்களிலும் அதே நாளில் எழுதிய மறுப்புக்கு இருக்கும் மதிப்பு, மூன்று மாதம் கழித்து எழுதியதற்கு இருக்காது.

காகிதங்களைச் சேர்ப்பது

பணிநியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், வருகைப் பதிவு, விடுப்பு விண்ணப்பங்கள், சம்பள உயர்வுக் கடிதங்கள், பாராட்டி வந்த மின்னஞ்சல், எச்சரித்து வந்த மின்னஞ்சல். இவையெல்லாம் உங்களுக்குச் சொந்தமான இடத்தில் இருக்க வேண்டும். அலுவலக மெயிலிலும் அலுவலக லேப்டாப்பிலும் மட்டும் இருந்தால், அக்கௌன்டை முடக்கும் அந்த ஒரு நொடியில் எல்லாம் போய்விடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உங்கள் வேலை சம்பந்தமான கடிதங்களை எடுத்து வைப்பது ஒன்று. வாடிக்கையாளர் பட்டியலையும் நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளையும் மொத்தமாக அள்ளி வருவது வேறு. இரண்டாவதைச் செய்தால், அதுவரை காரணம் இல்லாமல் தவித்த நிர்வாகத்துக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும். பேச்சை ரகசியமாகப் பதிவு செய்வதும் இப்படித்தான். சில நாடுகளில் அதுவே குற்றம், விசாரிக்காமல் செய்யாதீர்கள்.

நியமனக் கடிதமே தரவில்லை என்பவர்கள் மனம் தளர வேண்டாம். மாதாமாதம் வங்கியில் வந்த தொகை, அடையாள அட்டை, ஷிப்ட் பட்டியலில் உங்கள் பெயர், வருங்கால வைப்பு நிதிப் பதிவு, ‘நாளைக்குச் சீக்கிரம் வா’ என்று மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸப் செய்தி என எல்லாமே நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்குச் சான்றுதான். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது அனுப்பியவரின் எண்ணும் தேதியும் தெரியும்படி எடுங்கள். மூலச் செய்தியை அழிக்காதீர்கள், பழைய போனை விற்காதீர்கள்.

இத்துடன் ஒரு நோட்டுப் புத்தகம். அன்றன்று நடந்ததை அன்றைக்கே எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்று தயங்குபவர்களுக்காக ஒரு மாதிரி:

“மார்ச் 4, மாலை 5.40. இரண்டாம் மாடி, மேலாளர் அறை. ‘சங்கத்தில் சேர்ந்தால் அடுத்த மாதம் உனக்கு இங்கே இடம் இல்லை’ என்றார். கணக்குப் பிரிவில் இருப்பவர் கதவருகே நின்றிருந்தார். நான் பதில் சொல்லவில்லை. 6.05க்கு வெளியே வந்தேன்.”

கவனியுங்கள், இதில் ‘கொடுமைக்காரர்’ என்ற சொல்லே இல்லை. என்ன சொன்னார், எங்கே, எப்போது, யார் இருந்தார்கள் என்பது மட்டும் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் உங்களைக் காப்பாற்றப் போவது இந்த வரிகள்தான்.

எந்தக் கதவைத் தட்டுவது?

இங்கேதான் புதியவர்கள் குழம்புகிறார்கள். எல்லாத் தகராறும் ஒரே அலுவலகத்துக்குப் போவதில்லை. சம்பளப் பாக்கி, கூடுதல் நேர ஊதியம், பணிக்கொடை (கிராஜுவிட்டி) என்றால் தொழிலாளர் துறை. வேலைநீக்கம் என்றால் பெரும்பாலான நாடுகளில் முதலில் சமரசம், பிறகு தொழிலாளர் நீதிமன்றம் அல்லது தீர்ப்பாயம். பாலியல் தொல்லைக்கு உள்ளேயே ஒரு குழு இருக்கலாம். வேலையில் அடிபட்டால் இழப்பீட்டுக்குத் தனி வழி. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பிரச்சினை சேர்ந்து வருவதும் சகஜம், அப்போது இரண்டு கதவையும் தட்ட வேண்டியிருக்கும்.

சட்டத்தின் பார்வையில் நீங்கள் யார் என்பது இன்னொரு கேள்வி. விசிட்டிங் கார்டில் ‘மேனேஜர்’ என்று இருப்பதாலேயே தொழிலாளர் சட்டம் உங்களைக் கைவிட்டுவிடாது. நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள், யாரையாவது நியமிக்கவோ தண்டிக்கவோ உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இந்தியாவின் தொழில் உறவுகள் தொகுப்பு என்ற சட்டத்தின்படி நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வைப் பணியாளரும் ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்கு வெளியே. அப்படி வெளியே இருப்பவர்கள் ஒப்பந்தத்தை வைத்து உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள், ‘பார்ட்னர்’ என்று பெயர் சூட்டப்பட்ட டெலிவரி ஊழியர்கள் போன்றோர் இந்தக் கேள்வியைத் தாங்களே முடிவு செய்து ஒதுங்கிவிடக் கூடாது. தெரிந்தவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

கெடுவை எண்ணுங்கள்

இந்த ஒரு பகுதியை மட்டும் படித்தாலும் போதும் என்று சொல்வேன். வழக்குப் போடும் உரிமைக்கு ஆயுள் உண்டு, சில இடங்களில் அது மிகக் குறைவு.

ஆஸ்திரேலியாவில் நியாயமற்ற வேலைநீக்கத்தை எதிர்த்து ஃபேர் ஒர்க் ஆணையத்துக்குப் போக 21 நாள்தான். சிங்கப்பூரில் தவறான வேலைநீக்கம் என்றால் கடைசி வேலை நாளிலிருந்து 1 மாதத்துக்குள் டாடெம் எனப்படும் சமரச அமைப்பில் பதிய வேண்டும். சம்பளப் பாக்கிக்கு, வேலையை விட்டவருக்கு 6 மாதம். மலேசியாவில் 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி 60 நாள். இலங்கையில் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்க 6 மாதம். அமெரிக்காவில் இனம், பால், மதம் போன்ற காரணத்தால் பாகுபாடு காட்டினார்கள் என்று சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் புகார் செய்ய 180 நாள், மாநில அமைப்பும் இருக்கும் இடங்களில் 300 நாள்.

இந்தியாவில் அவகாசம் கூடுதல், ஆனால் அதுவும் சுருங்கியிருக்கிறது. 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தில் வேலைநீக்கத்தை எதிர்த்துத் தனி ஊழியர் நேரடியாக நீதிமன்றம் போக 3 ஆண்டு இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பில், தகராறு எழுந்து 2 ஆண்டு கடந்துவிட்டால் சமரச அலுவலர் அதை எடுக்க முடியாது. சமரசம் தோல்வி என்ற அறிக்கை கைக்கு வந்தபின் தீர்ப்பாயத்துக்குப் போக 90 நாள். ஊதியத் தொகுப்பு என்ற இன்னொரு சட்டத்தின்படி சம்பளக் கோரிக்கைக்கு 3 ஆண்டு. வேலையை விட்டு நீக்கினாலும் ராஜினாமா செய்தாலும் 2 வேலைநாளுக்குள் சம்பளத்தைத் தீர்த்துவிட வேண்டும் என்பதும் அதே தொகுப்பில் இருக்கிறது. ‘செட்டில்மென்ட்டுக்கு 45 நாள் ஆகும், அதுதான் எங்கள் பாலிசி’ என்று எச்ஆர் சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

நாள் எண்ணும்போது ஒரு பொறி இருக்கிறது. ‘மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம், பொறுங்கள்’ என்று நிர்வாகம் சொல்லும். நீங்கள் நம்பிக் காத்திருப்பீர்கள். உள்ளுக்குள் மேல்முறையீடு நடப்பதால் மட்டும் வெளியே ஓடும் கெடு பொதுவாக நின்றுவிடுவதில்லை. பேச்சு நடக்கட்டும், மனுவையும் போட்டு வையுங்கள். பிறகு சமாதானமானால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

முதல் கடிதம்

வாய்ப்பேச்சு எவ்வளவு நடந்திருந்தாலும் சட்டப்படி புகார் தொடங்குவது எழுத்தில்தான். ஒரு பக்கம் போதும். வெளியில் இருக்கும் ஓர் அதிகாரி படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதுங்கள், அவர்தான் உங்கள் உண்மையான வாசகர்.

“நான் இன்ன தேதி முதல் தங்கள் நிறுவனத்தில் இன்ன பணியில் இருக்கிறேன். ஜனவரி, பிப்ரவரி மாதச் சம்பளம் இன்றுவரை என் வங்கிக் கணக்கில் வரவில்லை. இதுபற்றி பிப்ரவரி 10, மார்ச் 3 ஆகிய தேதிகளில் மின்னஞ்சல் அனுப்பினேன், பிரதிகள் இணைத்திருக்கிறேன். பாக்கித் தொகை முழுவதையும் மார்ச் 20க்குள் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் தொழிலாளர் துறையில் மனு கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.”

மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், பெற்றதற்கு ஒப்புகை கிடைக்கும்படி தபாலிலும் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காதீர்கள். பிரிக்காத அந்த உறையே ஒரு சாட்சி.

ஃபேஸ்புக்கிலோ லிங்க்ட்இன்னிலோ பெயர் போட்டு எழுதுவதை மட்டும் இந்தக் கட்டத்தில் தவிர்த்துவிடுங்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பதிவே உங்கள்மேல் அவதூறு வழக்காகவோ புதிய குற்றச்சாட்டாகவோ திரும்பி வரலாம்.

குற்றச்சாட்டு உங்கள்மேல் வந்தால்

ஷோகாஸ் நோட்டீஸ், அதாவது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்கும் கடிதம், வந்தால் பதில் போடாமல் விடுவது பெரிய ஆபத்து. கொடுத்த நாளுக்குள் பதில் எழுதுங்கள். நேரம் போதாவிட்டால் அவகாசம் கேட்டு எழுதுங்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி, அவர்கள் நம்பியிருக்கும் ஆவணங்களின் பிரதியைக் கேளுங்கள்.

உள்விசாரணைக்குக் கூப்பிட்டால் போய்விடுங்கள். ‘முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று, போய் என்ன பயன்’ என்று பலர் புறக்கணிக்கிறார்கள். அப்புறம் ‘வாய்ப்புக் கொடுத்தோம், வரவில்லை’ என்று நிர்வாகம் ஒரே வரியில் முடித்துவிடும். போய் உட்கார்ந்து, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் சக ஊழியர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளவும் அனுமதி கேளுங்கள். மறுத்தால் ‘கேட்டேன், மறுக்கப்பட்டது’ என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். அன்றன்றைய நடவடிக்கைக் குறிப்பைப் படித்த பிறகே ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து.

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டு 158ஆம் உடன்படிக்கை இதற்கெல்லாம் ஒரு பொதுவான அளவுகோல். நடத்தையையோ செயல்திறனையோ காரணம் காட்டி நீக்கும் முன் ஊழியருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், தகுந்த காரணம் இருக்க வேண்டும் என்கிறது அது. சங்கத்தில் சேர்ந்தது, நிர்வாகத்தின் மேல் புகார் கொடுத்தது, கர்ப்பமானது ஆகியவை தகுந்த காரணம் ஆகாது என்றும் பட்டியல் போடுகிறது. இந்தியா உட்படப் பல நாடுகள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் அந்தக் கொள்கைகளில் பல உள்நாட்டுச் சட்டங்களிலும் தீர்ப்புகளிலும் ஊறியிருக்கின்றன.

பாலியல் தொல்லை என்றால்

இதற்குக் கெடு நெருக்கமாக இருக்கும். இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் பெண் ஊழியர் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் நீட்டலாம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருந்தாக வேண்டும். அதைவிடச் சிறிய இடங்களிலும், முதலாளியே குற்றம் செய்தவராக இருந்தாலும், வீட்டு வேலை செய்பவர்களுக்கும் மாவட்ட அளவிலான குழு இருக்கிறது. விசாரணை நடக்கும்போது உங்களையோ குற்றம் சாட்டப்பட்டவரையோ இடம் மாற்றவும், உங்களுக்கு 3 மாதம் வரை விடுப்புத் தரவும் குழுவிடம் கேட்கலாம். பணம் கொடுத்துச் சமரசம் செய்துவைக்கக் குழுவுக்கு அனுமதி இல்லை. யாராவது அப்படி வற்புறுத்தினால் அதையும் நோட்டில் எழுதுங்கள். போலீஸில் புகார் தரும் உரிமை இதனால் எந்த விதத்திலும் குறையாது.

சமரசப் பேச்சில் உட்காரும்போது

சமரச அலுவலர் நீதிபதி கிடையாது. அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், இரு தரப்பையும் ஓர் இடத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பார். அதனால் ‘எனக்கு நியாயம் வேண்டும்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகாதீர்கள். கணக்குப் போட்ட தாளோடு போங்கள்: சம்பளப் பாக்கி இவ்வளவு, நோட்டீஸ் காலச் சம்பளம் இவ்வளவு, எடுக்காத விடுப்புக்கு இவ்வளவு, பணிக்கொடை இவ்வளவு. இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று ஒரு தொகையை மனதில் முடிவு செய்து வைத்திருங்கள்.

ஒப்பந்தம் எழுதினால், பணம் எந்தத் தேதியில் வரும், வராவிட்டால் என்ன, வரி யார் கட்டுவது, அனுபவச் சான்றிதழில் என்ன வாசகம் இருக்கும் என்பதெல்லாம் அதிலேயே இருக்க வேண்டும். சான்றிதழ் வாசகத்தை அப்படியே இணைப்பாக வைக்கச் சொல்லுங்கள். பலர் பணத்தைப் பேசி முடித்து இதைக் கோட்டைவிடுகிறார்கள், அடுத்த வேலை தேடும்போதுதான் வலிக்கிறது.

துணைக்கு யார்?

தொழிற்சங்கம் முதல் இடம். உங்கள் நிறுவனத்தில் சங்கம் இல்லாவிட்டாலும் அந்தத் தொழிலுக்கான பொதுச் சங்கங்கள் இருக்கும். சட்டப் புத்தகத்தில் கிடைக்காத விவரம், குறிப்பாக எந்த அலுவலகத்தில் எந்த மனு நகரும் என்பது, அவர்களிடம்தான் இருக்கும்.

காசு இல்லை என்பதற்காக வழக்கறிஞர் இல்லாமல் போக வேண்டியதில்லை. இந்தியாவில் 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தொழிற்சாலைத் தொழிலாளர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தருகிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைய அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். இந்த உரிமை பலருக்குத் தெரியாமலே இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு விசா பயம்தான் வாயைக் கட்டுகிறது. பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது அமீரகம், கத்தார், சவூதி ஆகிய நாடுகளில் அந்த நாட்டுச் சட்டப்படியே தவறு. அமீரகத்தில் புகார் முதலில் மனிதவள அமைச்சகத்துக்குப் போகும், 50,000 திர்ஹம் வரையான கோரிக்கைகளை அமைச்சகமே தீர்க்க முடியும். இந்தியர்கள் தூதரகத்தோடு, இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற புகார் இணையதளத்திலும் பதியலாம். இலங்கையர்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கிறது. நாடு திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். கிளம்பித்தான் ஆக வேண்டும் என்றால், அங்கேயே இருக்கும் ஒருவருக்கோ வழக்கறிஞருக்கோ அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வழக்கு நடக்கும் காலத்தில்

தீர்ப்பாயம் மீண்டும் வேலையில் சேர்க்கச் சொல்லலாம், இடைப்பட்ட காலச் சம்பளத்தைத் தரச் சொல்லலாம், இழப்பீடு மட்டும் கொடுக்கச் சொல்லலாம். எதுவானாலும் மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ இழுக்கும். அதுவரை வேறு வேலை பார்த்தால் வழக்குப் போய்விடும் என்று பயந்து சும்மா இருப்பவர்கள் உண்டு. அப்படி இருக்கத் தேவையில்லை. பல நாடுகளில் வேறு வேலை தேடினீர்களா என்றே கேட்பார்கள். விண்ணப்பித்த தேதிகளையும் வந்த பதில்களையும் அதே நோட்டில் குறித்து வையுங்கள். கிடைத்த வருமானத்தை மறைக்காதீர்கள்: அது இடைக்காலச் சம்பளத்தில் கழியும், மறைத்தது தெரிந்தால் மற்ற வார்த்தைகளின் மேலும் சந்தேகம் விழும். வீடு மாறினால் புதிய முகவரியை நீதிமன்றத்துக்கும் உங்கள் வழக்கறிஞருக்கும் அந்த வாரமே எழுத்தில் தெரிவியுங்கள், அழைப்பாணை பழைய முகவரிக்குப் போய் வழக்கு ஆள் இல்லாமல் தள்ளுபடியாவதும் நடக்கிறது. அப்படித் தள்ளுபடியானால் மீண்டும் எடுத்துக்கொள்ளக் கேட்டு மனுப் போடலாம், அதற்கும் கெடு உண்டு.